உலகம் கேட்காத ஆங்கிலம்

ஆங்கிலங் கலவாமல் பாடினால் தமிழ்ப்பாட்டுக் குமுளிச் சாவடியைக்கூடத் தாண்டாது என்று நம் இளைஞருள் பலர் மெய்யாகவே நம்புகின்றனர். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் கித்தார் கையேந்தித் திரியும் பிள்ளைகளை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "தமிழில் பாடினால் தமிழன் மட்டுந்தானே ஐயா கேட்பான்? உலகம் கேட்க வேண்டாமா?" என்பர். அவர்கள் தீய பிள்ளைகள் அல்லர்; தமிழை வெறுப்பவரும் அல்லர். தாயொடும் தோழரொடும் தமிழே பேசுகின்றனர். எனினும் உலகத்தின் முன் சென்று நிற்பதற்குத் தாய்மொழி போதாது, அதன்மேல் ஓர் இரவற் சட்டை வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் ஆழ ஊன்றிவிட்டது. அதற்கு அவர்கள் காட்டும் சான்றும் ஒன்றே ஒன்றுதான்: 'ஒய் திசு கொலைவெறி டி'.

என்றோ வந்த பாட்டை இன்று ஏன் தோண்டியெடுக்கின்றீர் எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். பாட்டுப் பழையதாகிவிட்டது, அது விட்டுச் சென்ற பாடம் பழையதாகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாய் இசைக்கருவியைத் தொடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாடம் ஓதப்படுகின்றது. ஓதப்படுவது பொய் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2011ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அப்பாட்டு முறைப்படி வெளியிடப்பட்டது. இசை, அனிருத் என்னும் இளைஞருடையது. திரைப்படத்திற்கு அவர் இசையமைத்தது அதுவே முதன்முறை. எழுதிப் பாடியவர் நடிகர் தனுசு. படத்தின் பெயர் '3'. ஆம், வெறும் எண். 'மூன்று' என்று படித்தால் தமிழ். 'திரீ' என்று படித்தால் ஆங்கிலம். தமிழ்ப்படத்திற்குப் பெயர் வைக்க வந்தவர்க்கு எந்த மொழியில் வைக்கின்றோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை போலும். அப்படம் 2012 மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் வந்தது. அதற்குள் பாட்டு உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. யூடியூப் எனும் வலையொளித் தளத்தில் பத்துக்கோடி முறைக்குமேல் பார்க்கப்பட்டது. வடநாட்டு வானொலிகள் நாள்முழுதும் ஒலிபரப்பின. அவ்வாண்டின் இறுதியில் தில்லிக்கு வந்த சப்பானியத் தலைமையமைச்சர் நோடாவுக்கு மன்மோகன் சிங் அளித்த விருந்திற்கு இப்பாட்டைப் பாடியவரும் அழைக்கப்பட்டார். "தமிழ் வென்றது, தமிழன் வென்றான்" என்று செய்தித்தாள்கள் கொட்டி முழக்கின.

தமிழ் வென்றதா? அப்பாட்டில் தமிழ் எவ்வளவு? பெயரிலேயே பாருங்கள். முன்னிரண்டு சொல்லும் ஆங்கிலம். இறுதியில் நிற்பது 'டி' என்னும் விளி. நடுவில் ஒரே ஒரு முழுத் தமிழ்ச்சொல், 'கொலைவெறி'. பாட்டின் உடலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஒரு காலத்தில் உலக மொழிகள் நம்மிடமிருந்து கட்டுமரத்தைப் பெற்றன, சுருட்டைப் பெற்றன, மிளகுத்தண்ணீரைப் பெற்றன. உழைப்பையும் உணவையும் குறித்த சொற்கள் அவை. 2011இல் உலகம் நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட சொல் கொலைவெறி! இதற்கு நாம் மாலை சூட்டினோம், வெடி வெடித்தோம்.

சொல்லில் நஞ்சிருந்தாலும் போகட்டும். என் வழக்கு அதுவன்று. "ஆங்கிலம் இருந்ததனால்தான் உலகம் கேட்டது" என்கின்றார்களே, அந்த ஒற்றை வாதத்தையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன். இதற்கு மறுமொழி சொல்லத் தமிழ்நாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மேலைநாட்டுப் புத்தலைத் துள்ளிசைக்காரரிடமிருந்தே, நம் பிள்ளைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்ற அவ்விசை மரபிலிருந்தே தொடங்குவோம்.

செருமனியில் கேகன் என்றொரு நகர். அந்நகரைச் சேர்ந்த நேனா என்னும் இளம்பெண் 1979ஆம் ஆண்டளவில் 'சுட்ரைப்சு' என்னும் இசைக்குழுவில் பாடினார். எம்மொழியில்? ஆங்கிலத்தில். அந்நாளைய செருமானிய இளைஞர்க்கும் நம் பிள்ளைகளின் எண்ணமேதான். துள்ளிசை என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் இல்லையேல் துள்ளிசை இல்லை. இரண்டாம் உலகப்போரில் தோற்று, அமெரிக்கப் படையும் ஆங்கிலப் படையும் தம் மண்ணில் கூடாரமடித்திருக்க வளர்ந்த தலைமுறை அது. தம் மொழியில் பாட அவர்கள் கூசியதற்குப் பொருளுண்டு, நமக்குத்தான் அதுவுமில்லை. அக்குழு பெருவெற்றி ஏதும் காணாமலே கலைந்தது.

பின்னர் நேனா பெர்லினுக்குச் சென்றார். 1982இல் அவர் பெயரிலேயே புதிய குழுவொன்று அமைந்தது. அப்போது செருமனி முழுதும் இளைஞரிடையே ஒரு மாற்றம் எழுந்திருந்தது. 'புதிய செருமானிய அலை' என்று அதற்குப் பெயர். மேலைத் துள்ளிசையின் கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மின்னிசைப் பலகையையும் விடாமல், மொழியை மட்டும் தாய்மொழியாக்கிக் கொண்ட அலை அது. நேனா குழுவும் செருமானிய மொழியிற் பாடிற்று. 1983இன் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட தனிப்பாட்டு இசைத்தட்டின் பெயரைத் தமிழாக்கினால் 'தொண்ணூற்றொன்பது காற்றுப்பைகள்' என வரும். பலூன் என்று நம்மூர்த் திருவிழாவில் விற்கின்றார்களே, அதுதான்.

அப்பாட்டுப் பிறந்த வரலாறும் அறியத்தக்கது. குழுவில் கித்தார் வாசித்த கார்லோ கார்கெசு என்பார் 1982இல் மேற்கு பெர்லினில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தார். ஆங்கில நாட்டு 'ரோலிங் சுடோன்சு' குழுவின் நிகழ்ச்சி அது. அங்கே வானில் பறக்கவிடப்பட்ட காற்றுப்பைகள் கூட்டமாய்க் காற்றில் அலைந்து செல்வதைக் கண்டார். இவை பெர்லின் மதிலைக் கடந்து அப்பால் சென்றால் கிழக்குப் பக்கத்துப் படைஞர் என்னென்று கொள்வர் என்னும் எண்ணம் அவர்க்கு எழுந்தது. அவ்வெண்ணமே பாட்டாயிற்று. சிறு காற்றுப்பைகளைப் பகைவரின் படைக்கலம் எனப் பிறழவுணர்ந்து, படைத்தலைவர் துள்ளியெழ, போர் மூண்டு, உலகம் பாழாகின்ற கதை. இசை உவே பாரென்குரோக்–பேட்டர்சன் என்பாருடையது. ஆங்கிலர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆங்கிலத்திலா எழுதினார்? நாட்டை இரண்டாய்ப் பிளந்த மதிலின் அருகே வாழ்ந்த அச்சத்தை, அவ்வச்சம் பிறந்த மொழியிலேயே எழுதினார். கொள்ள வேண்டியதைக் கொண்டார். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தாரில்லை.

விளைவு என்ன? மேற்குச் செருமனியில் முதலிடம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அவ்வாறே. அதுகூடப் பெரிதன்று. 1984 மார்ச்சில் அமெரிக்காவின் 'பில்போர்டு' வரிசையில் அது இரண்டாமிடம் பெற்றது. கூர்ந்து நோக்குக: ஆங்கில மொழிபெயர்ப்பன்று, செருமானிய மூலம்! ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டு, அதே பெண் அதே குரலில் பாடிய தட்டும் இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒரு சொல்லும் விளங்காத மூலத்தை அமெரிக்க மக்கள் காசு கொடுத்து வாங்கினர். இங்கிலாந்தில் ஆங்கிலப் படிவம் முதலிடத்திற்குச் சென்றது. ஆங்கிலர் தம் மொழியிற் கேட்க விரும்பினர். அது அவர்களுடைய மொழிமானம், அதை நான் குறை சொல்லேன். நமக்கு அதிற் பாதி இருந்தாற் போதும். அவ்வாங்கிலச் சொற்கள் மூலத்தின் பொருளைச் சரியாய்த் தரவில்லை என நேனா குழுவினரே குறைபட்டுக்கொண்டனர் என்பதையும் சேர்த்து எண்ணுக.

ஆங்கிலத்தில் பாடியபோது கேட்பாரற்றுக் கிடந்த அதே குரலைச் செருமானியத்தில் பாடியபோது உலகமே கேட்டது. தம்பிகளே, உங்கள் வாதத்திற்கு இதனினும் நேரான மறுப்பு வேண்டுமோ?

"அது பழங்கதை, இது வலையொளிக் காலம்" என்பீர்களாயின், கொலைவெறி வந்து எட்டே திங்களில் நடந்ததைச் சொல்கின்றேன். 2012 சூலைத் திங்களில் கொரிய நாட்டுச் சை என்பவர் 'கங்னம் சுடைல்' என்னும் பாட்டை வெளியிட்டார். கங்னம் என்பது சியோல் நகரின் செல்வர் வாழும் பகுதி. அப்பகுதியின் பகட்டை எள்ளி நகையாடும் பாட்டு அது. பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் ஒட்டியிருப்பதை மறைக்க மாட்டேன். உள்ளேயும் இரண்டொன்று உண்டு. ஆயினும் பாட்டுக் கொரியப் பாட்டே. அவ்வாண்டு திசம்பர் 21ஆம் நாள் அது நூறு கோடி முறை பார்க்கப்பட்டது. வலையொளியில் அவ்வெண்ணை எட்டிய முதற்பாட்டு, உலகின் எந்த ஆங்கிலப் பாட்டுமன்று, கொரியப் பாட்டு. நாம் கொண்டாடிய பத்துக்கோடியினும் பத்து மடங்கு! கொரிய மொழி பேசுவோர் தொகையும் தமிழர் தொகையும் ஏறத்தாழ ஒத்தவையே. அவர்களுக்குக் கூச்சமில்லை. நமக்கு இருந்தது.

இனி, கொலைவெறியின் வழக்கறிஞர் சொல்லும் இன்னொரு வாதம் உண்டு. இது சற்றுக் கூரியது. ஆகவே பொறுமையாய் ஆராய வேண்டும். "அப்பாட்டு ஆங்கிலத்தைப் போற்றவில்லை, ஆங்கில மோகத்தைப் பகடி செய்கின்றது. ஆங்கிலம் அறியாத இளைஞன் ஒருவன், காதலில் தோற்று, மயக்கத்தில் உளறுகின்றான். அவன் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலும் உகரம் சேர்த்துத் தமிழ்ப்படுத்துகின்றான். இது தொல்காப்பியர் வகுத்த நெறிதானே?" என்று கற்றவர் சிலரே எழுதினர்.

உகரத்தைப் பற்றி நான் சொல்கின்றேன், கேளுங்கள். எங்கள் சுருளிப்பட்டியைச் சுற்றிலும் கொடிமுந்திரிப் பந்தல்கள். நாராயணத்தேவன்பட்டி, காமயக்கவுண்டன்பட்டி, கம்பம், கூடலூர் என எத்திசை நோக்கினும் பன்னீர்த் திராட்சையே. அப்பந்தலடியில் வேலைசெய்யும் மூதாட்டியர் 'பம்புசெட்டு' என்பர், 'லைட்டு' என்பர், 'ரோடு' என்பர். வைகறையில் சீப் வண்டியேறி மலைக்குச் சென்று ஏலக்காய் பறித்துவரும் பெண்கள் 'எசுட்டேட்டு' என்பர். அவர்கள் யாரையும் சிரிக்க வைக்க அங்ஙனம் சொல்லவில்லை. அயற்சொல் ஒன்று தமிழ் நாவிற்கு வந்தால், வல்லெழுத்தில் முடியவொட்டாமல் ஈற்றில் ஓர் உகரத்தைத் தந்து இருக்க வைக்கும் இயல்பு நம் மொழியினுடையது. வடசொல் வந்தால் வடவெழுத்தைக் களைந்து தமிழெழுத்தால் எழுதுக எனத் தொல்காப்பியர் சொன்னதும் இவ்வியல்பை உணர்ந்தே. வருபவன் நம் வீட்டு வாயிலில் தலைதாழ்த்தி நுழைவதற்கு அடையாளம் அவ்வுகரம். அது நம் மொழியின் பெருமிதம். (தமிழ்ச்சொல் இருக்கவும் அயற்சொல்லை ஆள்வது தவறே, அது வேறு வழக்கு. அம்மூதாட்டியரைக் குற்றம் சொல்லுமுன் அவர்கட்குத் தமிழ்ச்சொல்லைக் கொண்டு சேர்க்காத நம்மைக் குற்றம் சொல்ல வேண்டும்.)

கொலைவெறிப் பாட்டு அவ்வுகரத்தை என்ன செய்தது? அதையே நகைப்புப் பொருளாக்கிற்று. தில்லியிலும் மும்பையிலும் அப்பாட்டுக்கு ஆடியவர்கள் எதைக் கேட்டுச் சிரித்தனர்? 'தமிழன் ஆங்கிலம் பேசினால் இப்படித்தான் இருக்கும்' என்றன்றோ? தென்னாட்டான் பலுக்கலை எள்ளுவது வடநாட்டுத் திரைப்படத்தின் நெடுநாள் வழக்கம். அதுவரை அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்து காட்டிய கேலியை இம்முறை நாமே செய்து, நல்ல மெட்டும் சேர்த்து, கையிற் கொடுத்தோம். பகடி என்றால் எய்த அம்பு எவன்மேல் தைத்தது என்று பார்க்க வேண்டும். ஆங்கில மோகம் கொண்ட செல்வர்மேலா தைத்தது? ஆங்கிலப் பள்ளிக்குப் பணங்கட்ட வழியில்லாத ஏழைத் தமிழிளைஞன்மேல் தைத்தது. அவனும் சேர்ந்து சிரித்தான் என்பதே எனக்குப் பெருந்துயரம்.

அடுத்த ஆண்டு எங்கள் பக்கத்துப் பள்ளியொன்றின் ஆண்டுவிழாவில் பத்து அகவைப் பிள்ளைகள் அப்பாட்டுக்கு ஆடினர். கையில் குடிகாரனைப் போலப் புட்டி ஏந்திய அசைவு, கண்ணிற் கறுப்புக் கண்ணாடி. பெற்றோர் கைதட்டினர். விழா முடிந்ததும் ஆசிரியரொருவரிடம், "இப்பிள்ளைகட்கு நடவுப்பாட்டு ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கலாகாதா?" எனக் கேட்டேன். "அதை யார் ஐயா பார்ப்பார்கள்?" என்றார். பதினாலாயிரம் ஏக்கருக்குமேல் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கிலே, முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலின் கரையிலேயே, நடவுப்பாட்டைப் பார்ப்பாரில்லையாம்! நடவுப்பாட்டு அழிந்ததற்குக் கொலைவெறி கரணியமன்று. அதற்கு முன்பே அது நலிந்துவிட்டது. ஆனால் அழிந்ததைப் பற்றிய வருத்தமே இல்லாமற் செய்த பெருமை இத்தகைய வெற்றிகளையே சாரும்.

இதை எழுதிப் பாடியவர்க்குத் தமிழ் வாராதா என்றால் அதுவுமன்று. அங்கேதான் என் சினம் மிகுகின்றது. அதே 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 'ஆடுகளம்' படத்தில் மதுரை மண்ணின் பேச்சைப் பேசி நடித்தார் தனுசு. அவ்வாண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட நடுவணரசின் சிறந்த நடிகர் விருது அதற்கே கிடைத்தது. மண்ணின் மொழியைப் பேசி நாட்டின் உயர்ந்த விருதைப் பெற்றவர்க்கு, ஆறு திங்கள் கழித்து உலகத்தின்முன் நிற்க அரைகுறை ஆங்கிலம் ஏன் வேண்டியதாயிற்று? அவர் தந்தை கசுத்தூரிராசா எங்கள் தேனி மாவட்டத்துக்காரர். 1991இல் 'என் ராசாவின் மனசிலே' என்னும் நாட்டுப்புறத் தமிழ்ப்படத்தை இயக்கியே திரையுலகில் இயக்குநராய்க் கால்வைத்தவர். மண்வாசம் அக்குடும்பத்திற்குப் புதிதன்று. பிழை ஒரு மனிதருடையது என்று நான் கொள்ளவில்லை. அப்படி எழுதினால்தான் விலைபோகும் என்று அவருக்கு உணர்த்திய சந்தையினுடையது. அச்சந்தைக்குத் தலையாட்டிய நம்முடையது.

இதே வாதத்தை நம் தாத்தன்மாரும் கேட்டனர் என்பது பலர்க்கு மறந்துபோயிற்று. அன்று இசையரங்குகளில் தெலுங்கும் சமற்கிருதமுமே கோலோச்சின. தமிழ்ப்பாட்டு இறுதியில் பாடும் துக்கடா. "தமிழ் கருநாடக இசைக்கு ஏற்ற மொழியன்று; இனிமை போதாது; வெளியார் மதியார்" என்றனர். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் மாபெரும் நூலை வெளியிட்டு, அவ்விசையின் வேர் பழந்தமிழிசையே என நிறுவ முயன்றார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. எத்தனை எதிர்ப்பு, எத்தனை ஏளனம்! இன்று எந்த மேடையிலும் தமிழ் இசைக்கு ஏலாது என்று வாய்திறப்பார் உண்டோ? அன்று 'செவ்விசைக்குத் தமிழ் ஆகாது' என்றவர்களின் குரல் செத்துவிட்டது என்றிருந்தோம். 'துள்ளிசைக்குத் தமிழ் ஆகாது' என்று வேறுடை உடுத்து வந்திருக்கின்றது. அன்று தெலுங்கு; இன்று ஆங்கிலம். தமிழனுக்கு மட்டும் எக்காலத்தும் தன் வாய் போதாது!

கருவியிலா குற்றம்? கித்தார்மேல் எனக்குப் பகையில்லை. எங்கள் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்திலே பிறந்த இளையராசாவின் கையில் அக்கித்தாரே தமிழ் பேசிற்றே! அவர் தமையனார் பாவலர் வரதராசன் 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காக மலைமேல் சென்று பாடினார். மலைத்தோட்டத் தொழிலாளர்க்கு அவர்கள் தாய்மொழியிற் பாடினார். எல்லைகடந்த அக்குரலுக்கு அங்கே செவியிருந்தது. அவரொடு ஊரூராய்ப் பாடித் திரிந்த தம்பி 1976இல் 'அன்னக்கிளி'யில் தமிழ்நாட்டின் செவியைத் திருப்பினார். அதற்கு முன் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒலித்தவை 'ஆராதனா'வும் 'பாபி'யும். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்று அடிபட்ட தமிழன், தேநீர்க் கடையில் இந்திப்பாட்டுக்குத் தாளம் போட்டான்! அந்த நிலையை மாற்றியது மேடைப்பேச்சன்று, சட்டமுமன்று. தமிழ்ச் சொல்லுக்கு மேலைக் கருவிகளைப் பணிசெய்ய வைத்த இசை.

(அவரும் 1986இல் தம் கருவியிசைத் தொகுப்பொன்றிற்கு 'ஔ டு நேம் இட்' என்று ஆங்கிலத்திற் பெயர்வைத்தார். என்ன பெயர் வைப்பதென்று தமிழில் கேட்டிருந்தால் ஆயிரம் பேர் சொல்லியிருப்போம். உரியவரிடம் உரிமையோடு சொல்லும் குறை இது.)

அவர் பாட்டு உலகிற்குப் போகவில்லையா? பிபிசி உலகச் சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி 2002இல் உலகெங்குமுள்ள நேயரிடம் அவர்கள் உள்ளங்கவர்ந்த பாட்டைக் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. முதற்பத்துள் நான்காவதாய் நின்றது 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. வாலி எழுதிய பாட்டு. நடுவே அப்பர் பெருமானின் தேவாரம் ஒலிக்கும். ஐந்தாவதாய் நின்றது 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்னும், திருமலைச் சந்திரனின் ஈழத்துப் பாட்டு. உலகின் பத்துப் பாட்டுகளுள் இரண்டு தமிழ். இரண்டும் உலகத்தின்முன் ஆங்கிலம் உடுத்திச் செல்லவில்லை. வாக்களித்தவர் பெரும்பாலும் புலம்பெயர்ந்த தமிழரே எனச் சிலர் குறுக்கே பேசுவர். ஆகட்டும். இலண்டனிலும் தொராண்டோவிலும் நாள்முழுதும் ஆங்கிலத்தில் மூழ்கிக் கிடப்பவர்கள், தம் உள்ளங்கவர்ந்த பாட்டெது எனக் கேட்டபோது ஆங்கிலங் கலவாத தமிழைத் தேடினர் என்றால், அது யார் வாதத்திற்கு வலுச்சேர்க்கின்றது?

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடி, சந்தோசு நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. நிலமிழந்த உழைப்பாளரின் வாழ்வை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவொடு இழைத்து எழுதினார் அறிவு. ஏலமலைக்குக் கூலிவேலைக்குப் போய்வரும் எங்கள் பெண்கள் அதனைக் கேட்டுக் கண்கலங்கியதை நான் அறிவேன். பாட்டின் உயிர் முழுதும் தமிழ். உலகம் கேட்டது. பின் எதற்கு முகப்பில் அந்த 'எஞ்சாய்'? பிள்ளையைத் தூக்கி உச்சி முகர்ந்து 'என் சாமி' என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் இல்லாத என்ன இன்பத்தை ஆங்கிலம் கொண்டுவந்து சேர்த்தது? ஓசைநயம் என்பர். நயம் இருக்கின்றது, ஒப்புகின்றேன். நல்ல வீட்டின் வாயிலில் அயலான் பெயர்ப்பலகை தொங்குவது போலவும் இருக்கின்றது.

அரசின் கையில் ஒரு கோல் இருந்தது; சிறிது காலம் அது வேலையும் செய்தது. 2006இல் தமிழ்ப்பெயர் வைத்த படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அறிவித்தவுடன் 'சம்திங் சம்திங்' உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'சில்லுனு ஒரு காதல்' அதுவரை வடவெழுத்தோடு தொடங்கிய தன் முதற்சொல்லைத் திருத்திக்கொண்டது. 'ரோபோ'வாக வரவிருந்தது 2010இல் 'எந்திர'னாய் வந்தது. வரிக்காகத் தமிழ், காசுக்காகத் தமிழ் என்று நாம் அன்று சலித்துக்கொண்டோம். 2017இல் சரக்கு, சேவை வரி வந்து அப்பழைய வரியேற்பாடு குலைந்தது. பிறகு வந்த பெயர்களைச் சொல்கின்றேன்: மாசுட்டர், பீசுட்டு, செயிலர், லியோ. காசுக்காக வந்த தமிழ் காசு போனதும் போயிற்று. ஆகவே அரசாணையை நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. நேனாவைச் செருமானியத்தில் பாட வைத்தது எந்த அரசாணை?

எங்கள் ஊரளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆடி, தை மறைமதி நாள்களில் முன்னோர்க்கு நீர்க்கடன் கழிக்கச் சுருளி அருவிக்குப் பல்லாயிரவர் வருகின்றனர். அருவிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் கடைகள், கடைதோறும் ஒலிபெருக்கி. அவற்றில் ஒலிப்பதைத் தேர்பவர்கள் நம் தம்பிகளே. வரும் ஆடி மறைமதிக்கு முன், கையில் கொடியின்றி, முழக்கமின்றி நால்வர் ஐவராய்ச் சென்று அவர்களிடம் பேசுவதென முடிவு செய்துள்ளோம். நல்ல தமிழ்ப்பாட்டுகளாய் ஒரு நாள் முழுதும் ஒலிக்கத் தக்க அளவு தொகுத்து அவர்கட்கு விலையின்றித் தருவோம். துள்ளிசையும் அதில் உண்டு. கித்தாரேந்திய பிள்ளைகள் எவரேனும் இப்பள்ளத்தாக்கின் பந்தலையும் ஏலமலையையும் பெரியாற்று நீரையும் பற்றித் தமிழில் ஒரு பாட்டுக் கட்டினால், அந்நாளில் அருவிச் சாலையில் முதலில் ஒலிப்பது அதுவாகவே இருக்கும். பாட்டைக் கொணர்வோர் ஆனித் திங்கள் முடிவதற்குள் சுருளிப்பட்டிக்கு வருக.